ரெண்டு மடங்குன்னா பாதியா?

இங்கே டொராண்டோவில் நடுராத்திரி. மதுரையிலிருந்து சித்தி போன். மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம். “இந்த மாதிரி கட்டிக்கு உயிருக்கு ஆபத்து ரெண்டு மடங்குன்னு டாக்டர் சொல்றார்டா. அப்போ பிழைக்கிற வாய்ப்பு பாதிதானா?”

இல்லை சித்தி. யாரைவிட ரெண்டு மடங்கு? 1972இல் டேவிட் காக்ஸ் தந்த கணக்குமுறை, ஒருவருக்கு இன்னொருவரைவிட எத்தனை மடங்கு ஆபத்து என்றுதான் சொல்லும். வாய்ப்பு தெரிய அடிப்படை எண்ணும் வேண்டும்: ஒப்பிட்ட குழுவில் ஐந்து வருஷம் கழித்து நூற்றுக்கு எத்தனை பேர் இருப்பார்கள்?

90 என்று வைப்போம். ரெண்டு மடங்கு ஆபத்துக்கு 0.9ஐ 0.9ஆல் பெருக்கணும். 0.81. அதாவது 81 பேர், 45 இல்லை. (அடிப்படையே 50 என்றால் 25தான் வரும். அதையும் மறைக்காமல் சொன்னேன்.)

“அப்போ டாக்டர்கிட்ட என்னடா கேக்கணும்?”

“என்னை மாதிரி நூறு பேரில், இந்த மருந்தோட அஞ்சு வருஷத்துல எத்தனை பேர் இருப்பாங்க, மருந்து இல்லாம எத்தனை பேர்னு கேளுங்க.”

பேனா தேடும் சத்தம். செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறார். நான் ஸ்பீக்கரில் இருப்பேன்.