ஊருணியும் மிதிவண்டியும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே உள்ள சித்தன்னவாசல் குன்றில், ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றும் இரண்டு காட்சிகள் உண்டு. குன்றின் கிழக்கு முகத்தில் இருப்பது ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை. பாறையில் வெட்டிய படிக்குழிகளைப் பற்றிச் சென்றால், வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கற்படுக்கைகளைக் காணலாம். கிறித்துவுக்கு முற்பட்ட காலந்தொட்டுச் சமணத் துறவியர் தங்கிய இடம் அது. சற்றே மேடாக விடப்பட்ட கல்தான் அவர்களுக்குத் தலையணை. அதே குன்றின் மேற்குச் சரிவிலுள்ள அறிவர் கோயிலின் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று விரிகிறது. தாமரைகள் நிறைந்த குளம். அதில் மீன்கள், பறவைகள், யானைகள், எருமைகள். நடுவே மலர் கொய்யும் மனிதர்கள்.

நுகர்வைக் கடந்த வாழ்வு என்று சொன்னவுடன் பலருடைய மனத்திலும் எழுவது அந்தக் கற்படுக்கைதான். விருப்பங்களை ஒடுக்கி, வறுமையைத் தானே வரவழைத்துக்கொள்ளும் வாழ்வென அவர்கள் அஞ்சுகின்றனர். ஆனால், சமணமே இல்லறத்தாரிடம் கற்படுக்கையைக் கேட்கவில்லை. துறவிக்கு எல்லாப் பொருளையும் துறக்க விதித்த அச்சமயம், இல்லறத்தார்க்கு ‘மிகுபொருள் விரும்பாமை’ என்னும் நோன்பை வகுத்தது. தனக்கு வேண்டியது எவ்வளவு என்பதை இல்லறத்தான் தானே முன்கூட்டி வரையறுத்துக்கொள்ள வேண்டும். அந்த எல்லைக்குள் வாழ்பவன் வறியவனல்லன். அவனுக்குரிய உருவத்தைத் தேடினால், அது விதானத்துக் குளத்திலேயே கிடைக்கும்.

குளம் என்பது புதுக்கோட்டைக்கு வெறும் உருவகமன்று. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இம்மாவட்டத்தில் 5,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய், குளங்கள் உள்ளன. பெய்யும் மழையைத் தேக்கி, ஒன்று நிறைந்ததும் கலிங்கு வழியே அடுத்ததற்கு அனுப்பும் சங்கிலித்தொடராக அவற்றைப் பல தலைமுறையினர் அமைத்தனர். கண்மாயின் உட்புறம் கற்றூண்களுடன் நிற்கும் குமிழித்தூம்பு அவர்களது நுட்பத்துக்குச் சான்று. மடை திறப்பவர் நீரில் மூழ்கித் தூம்பின் அடைப்பை நீக்குவார். மேல்துளை வழியே நீர் பாயும். கீழ்த்துளை வழியே சேறு வெளியேறும். எஞ்சிய வண்டலைக் கோடையில் வண்டிகளில் ஏற்றி வயலுக்கு எருவாக இடுவர். குடிநீருக்கென ஊருணி தனியே இருந்தது. அதில் குளிக்கவும் துவைக்கவும் ஊர்க் கட்டுப்பாடு இடந்தரவில்லை. (இந்தப் பொதுமையிலும் சாதி குறுக்கே நின்றது, ஊருணிப் படியில் எல்லாரும் ஒருபோலக் கால் வைக்க முடிந்ததில்லை. பழமையைப் போற்றுவோர் பலர் இதைச் சொல்லாமல் விடுகின்றனர்.)

பராமரிப்பு குன்றி, வரத்து வாய்க்கால் தூர்ந்து, ஊருணி வற்றும்போது என்ன நிகழ்கிறது? வசதியுள்ளவர் தம் வீட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறார். அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டம் தாழ்கிறது. அடுத்த வீட்டார் இன்னும் ஆழமாகத் தோண்டுகிறார். தோண்ட இயலாதவர் 20 லிட்டர் குடிநீர்க் கேனை விலைக்கு வாங்குகிறார். இவர்களுள் எவரும் பேராசை கொண்டவரல்லர், தாகம் கொண்டவர்களே. பொதுவில் இருந்த ஒன்று அழிந்ததால், ஒவ்வொருவரும் அதைத் தனித்தனியே வாங்கவேண்டிய நிலை வந்தது. நுகர்வுப் பெருக்கத்தை மனிதரின் ஆசையால் மட்டும் விளக்குவோர் இதைக் காணத் தவறுகின்றனர். நிழல்தரும் மரமும் விளையாட்டுத் திடலும் நூலகமும் மறையும் இடங்களிலும் இதே கணக்குத்தான் நடக்கிறது.

நாட்டு வருமானக் கணக்கோ இந்த இழப்பை வளர்ச்சியெனப் பதிவு செய்கிறது. ஊருணியில் முகந்த குடத்துக்கு விலையில்லை. ஆகவே அது கணக்கில் ஏறாது. கேன் தண்ணீருக்கும் மோட்டாருக்கும் விலையுண்டு. நாட்டு வருமானத்தைக் கணக்கிடும் முறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான சைமன் குஸ்நெட்ஸ், அந்த எண்ணிலிருந்து மக்களின் நலத்தை அறிவது அரிது என்று 1934இலேயே அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையில் எச்சரித்தார்.

எனினும், எளிமையை யாரிடம் சொல்வது என்னும் கேள்வி எஞ்சுகிறது. படிக்க ஒரு மேசையும் எரிய ஒரு விளக்கும் இல்லாத வீட்டாரிடம் பொருளாசை தீதென்று பேசுவது அறமாகாது. பொருள்களே வேண்டா என்னும் வாதத்துக்குப் புதுக்கோட்டையின் பெண்களே தக்க மறுமொழி தந்துள்ளனர்.

1991ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த அக்காலத்தில், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியும் இயக்கத்தின் பகுதியானது. ஓரிரு ஆண்டுகளுக்குள் 1,00,000க்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். வயலில் உழைப்போரும் கல் குவாரித் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். தெருவில் எழுந்த ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் அவர்கள் மிதித்தனர். பெண்களுக்கான மிதிவண்டிகள் போதாமற்போனபோது ஆண்களுக்கானவற்றை வாங்கினர். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அவற்றையே விரும்பியவரும் உண்டு. பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிஞ்சியது. தண்ணீர்க் குடத்தைச் சுமந்த இடுப்புக்கு ஓய்வு கிடைத்தது. விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச்செல்லத் தந்தையையோ கணவனையோ எதிர்பார்க்கும் நிலை மாறியது.

அந்த மிதிவண்டியும் கடையில் வாங்கிய பொருளே. சிலர் கடன்பட்டே வாங்கினர். ஆயினும் அது உடையவளின் நேரத்தை அவளுக்கே மீட்டுக்கொடுத்தது. பழுதானால் உள்ளூர்க் கடையிலேயே சரிசெய்ய முடிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதிலேயே ஓட்டப் பழகினாள். இன்று தவணையில் வாங்கப்படும் பல பொருள்களின் இயல்பு வேறு. ஒரு கைப்பேசியின் தவணை முடியுமுன்னரே அது பழையதென விளம்பரம் சொல்லத் தொடங்கிவிடுகிறது. தவணைக்காகக் கூடுதல் நேரம் உழைப்பவர், மிஞ்சிய நேரத்தையும் அதன் திரையிலேயே செலவிடுகிறார். அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்பு மாணவர் பெறும் விலையில்லா மிதிவண்டியை இந்த இரண்டுள் எந்த வரிசையில் வைப்பது என்பதை அதை ஓட்டுபவரே அறிவார்.

தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா இவ்வேறுபாட்டை 1945இல் நிலைத்த பொருளியல் பற்றிய தம் நூலில் விளக்கினார். வாழ்க்கைத் தரத்தை ‘உயர்ந்தது, தாழ்ந்தது’ என்று பிரிப்பதை அவர் ஏற்கவில்லை. ‘சிக்கலானது, எளியது’ என்பதே சரியான பிரிவு என்றார். சிக்கலான வாழ்வு தாழ்ந்ததாகவும், எளிய வாழ்வு மிக உயர்ந்ததாகவும் இருக்கக்கூடும். அவர் சிறையிலிருந்து எழுதிய நூல் அது.

2018 நவம்பரில் வீசிய கஜா புயல் புதுக்கோட்டையின் கிழக்குப் பகுதியில் தென்னைகளைச் சாய்த்தது. வாழ்வாதாரத்தை இழந்த அவ்வட்டாரத்தில்தான் அடுத்த ஆண்டு கொத்தமங்கலம், கீரமங்கலம் பகுதி இளைஞர்கள் நிதி திரட்டித் தம் ஏரி குளங்களைத் தூர்வாரினர். எல்லா இடத்திலும் வேலை அவ்வளவு நேரானதன்று. காகித ஆலைகளுக்காக வளர்க்கப்படும் தைலமரக் காடுகளில் எழுப்பும் வரப்புகள் வரத்து நீரை மறிப்பதாக உழவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். தொலைவிலுள்ள நகரத்தில் ஒருமுறை எழுதிக் கசக்கி எறியப்படும் தாளுக்கும், இங்கே ஒரு கண்மாய் நிறையாமற் போவதற்கும் இடையே இப்படியொரு வழி இருக்கிறது.

கண்மாய் நிறைந்த ஆண்டுகளின் கோடையில் நீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தாவும் வலையும் ஏந்திய மக்கள் ஒருசேரச் சேற்றுநீரில் இறங்குவர். பக்கத்து ஊர்க்காரர்களும் வருவர். விராலும் கெண்டையும் கெளுத்தியும் கிடைக்கும். பிடித்ததை விற்பதில்லை என்பது வழக்கம். அன்று மாலை ஊர்முழுதும் மீன்குழம்பின் மணம் எழும். கண்மாய் நிறையாத ஆண்டில் ஊத்தா பரணிலேயே கிடக்கும்.