டெஸ்ட்ல பாஸ்... ஃபீல்டுல ஏன் ஃபெயில்? போர் விமானங்கள் பழுதாகும் பின்னணி

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் மழையில் நனைந்தபடி நின்ற பிரிட்டிஷ் போர் விமானம் ஞாபகம் இருக்கா? 2025 ஜூன் 14-ம் தேதி இறங்கிய எஃப்-35பி, ஹைட்ராலிக் கோளாறால் 38 நாட்கள் அங்கேயே கிடந்தது. மீம்ஸ் பறந்தது, விமானம்தான் பறக்கலை. பிரிட்டனில் இருந்து பொறியாளர் குழு வந்து சரிசெய்த பிறகே ஜூலை 22-ல் கிளம்பியது.

இத்தனைக்கும் டெஸ்ட் பண்ணாமல் விட்ட விமானம் இல்லை இது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள மெக்கின்லி ஆய்வகத்தில் மைனஸ் 40 முதல் 49 டிகிரி செல்சியஸ் வரை, மழை, பனி என எல்லாவற்றையும் செயற்கையாக உருவாக்கி மாதக்கணக்கில் சோதித்த ரகம். அப்புறம் எங்கே இடிக்குது?

முதல் சிக்கல் கணக்கிலேயே இருக்கு. 'இந்தக் கருவி இத்தனை மணி நேரம் தாங்கும்' என்று தயாரிப்பு நிறுவனம் சொல்லும்போது, பெரும்பாலும் கருவி தானாகப் பழுதாவதை மட்டுமே எண்ணுகிறார்கள். கனெக்டர் தளர்ந்தது, மெக்கானிக் தப்பாக மாட்டியது, காரணமே இல்லாமல் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. விமானப்படைத் தளத்தில் இதில் எது நடந்தாலும் விமானம் தரையில்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பறக்கும்போது கோளாறு காட்டிய பெட்டியைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினால், அங்கே மேஜையில் நல்லாவே வேலை செய்யும். வண்டியை மெக்கானிக்கிட்ட கொண்டு போனதும் சத்தம் நின்னுடுமே, அதே கதைதான். மேஜையில் அதிர்வு இல்லை, உயரம் இல்லை. நிஜத்தில், வெயிலில் காய்ந்த விமானம் சில நிமிடங்களில் மைனஸ் 50 டிகிரி குளிருக்குப் போகிறது. இறங்கும்போது உள்ளே ஈரம் வியர்த்து மின் இணைப்புகளில் தங்குகிறது. வெப்பம், அதிர்வு, ஈரம் என்று தனித்தனியாகச் சோதித்தால் இது சிக்காது.

சோதனையில் விமானத்தைப் பார்த்துக்கொள்வது கைதேர்ந்த நிபுணர்கள். படையிலோ புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்கள், வந்து சேராத உதிரி பாகங்கள். 2023 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்-35 விமானங்களில் சுமார் 55 சதவீதம் மட்டுமே பணிக்குத் தயாராக இருந்தன என்கிறது அந்நாட்டுத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ. பழுது நீக்கக் காத்திருந்த பாகங்கள் மட்டும் 10,000-க்கும் மேல்!

நம்ம ஊர் 'துருவ்' ஹெலிகாப்டர் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்னை. 2025 ஜனவரி 5-ல் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து 3 பேர் இறந்தனர். பைலட்டின் கட்டளையைச் சுழலும் இறக்கைகளுக்குக் கடத்தும் 'ஸ்வாஷ் பிளேட்' உடைந்திருந்தது. 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் படைகளில் பறந்த ரகம் என்றாலும், சுமார் 330 ஹெலிகாப்டர்கள் தரையிறக்கப்பட்டன. சில மாதங்களில் ராணுவம், விமானப்படை துருவ்களுக்கு அனுமதி கிடைத்தது. கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் அப்போது கிடைக்கவில்லை. கடல் பணியின் சுமை அந்தப் பாகத்தை எப்படிப் பாதிக்கிறது என்ற ஆய்வு தொடர்ந்ததுதான் காரணம்.