வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க முடியாது

“அக்கா, இப்பல்லாம் யாருக்கா பிளாக் படிக்கிறாங்க?”

போன மாதம் ஒரு வாசிப்பு வட்டத்தில், என் பழைய இணையதளத்தைத் தூசு தட்டிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதும் வந்த கேள்வி இது. கேட்ட தம்பி கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். அவன் போடும் ரீல்ஸை 11,000 பேர் பின்தொடர்கிறார்கள். அக்கா நேரத்தை வீணாக்குகிறாளே என்ற கவலை அவனுக்கு. அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. டீ வேறு ஆறிக்கொண்டிருந்தது. அதனால் அந்தச் சண்டையை இங்கே முழுதாகப் போட்டுவிடுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2019இல் ஓர் ஊரில் சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினை. நம் மக்கள் காலங்காலமாகப் போய்வந்த பாதையில் முள்ளை வெட்டிப் போட்டு மறித்துவிட்டார்கள். மழைக்காலம். இறந்தவர் உடலை வயலில் இறங்கி, முழங்கால் சேற்றில் சுமந்துகொண்டு போனார்கள். மறுநாள் நாங்கள் நான்கு பேர் அந்த ஊருக்குப் போனோம். எத்தனை மணிக்கு மறித்தார்கள், முள்ளுக்கு அந்தப் பக்கம் யார் யார் நின்றார்கள், தாசில்தார் அலுவலகத்துக்கு யார் போன் செய்தார்கள், அங்கிருந்து என்ன பதில் வந்தது என்று எல்லாவற்றையும் கேட்டு, அன்றிரவே எழுதிச் சமூக ஊடகத்தில் போட்டேன். 600 பேர் பகிர்ந்தார்கள். பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். குற்றப்பத்திரிகை வந்தபின் விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது 2015 திருத்தம். இந்த வழக்கில் சாட்சிகளைக் கூப்பிடவே மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் இறந்தவரின் மனைவி போன் செய்தார். “ஏம்மா, நீ அன்னிக்கு எல்லாத்தையும் எழுதிப் போட்டியே, வக்கீலு கேக்குறாரு. எடுத்துக் குடும்மா. எத்தனை மணின்னு கேட்டா எனக்கு என்ன தெரியும்? நான் அழுதுகிட்டுல்ல இருந்தேன்.”

என் கணக்கு அதற்கு ஐந்து மாதம் முன்பே முடக்கப்பட்டிருந்தது. சாதிச் சங்கப் பேரணி ஒன்றைப் பற்றி எழுதியதற்காகக் கூட்டமாகச் சேர்ந்து புகார் தட்டியிருந்தார்கள். அந்த நிறுவனத்துக்கு மூன்று முறை முறையிட்டேன். மூன்று முறையும் எழுத்து மாறாமல் ஒரே பதில், எங்கள் சமூக விதிகளை மீறிவிட்டீர்கள் என்று. எந்தச் சமூகம், யார் போட்ட விதி என்று கேட்க அந்தப் பக்கம் ஒரு மனிதர் இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்திலாவது ஒரு பியூன் இருப்பார், அவரிடமாவது கோபப்படலாம்.

கடைசியில் ஒரு மாணவியின் வாட்ஸ்அப்பில் அந்த எழுத்தின் நகல் கிடைத்தது. தேதி இல்லை. ஊர்ப்பெயர் வந்த பத்தியை யாரோ வெட்டியிருந்தார்கள். எழுதிய என் பெயரும் இல்லை. மேலே ‘படித்ததில் வலித்தது’ என்று ஒரு தலைப்பு மட்டும் முளைத்திருந்தது. வக்கீல் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எம்.ஏ. படிக்கும்போது, 2011இல் நான் தொடங்கிய வலைப்பூ நினைவுக்கு வந்தது. முகவரியைத் தட்டினேன். திறந்தது! ஏழெட்டு வருடமாக நான் எட்டிக்கூடப் பார்க்காத வீடு, அப்படியே இருந்தது. 43 பதிவுகளும் தேதி, நேரத்தோடு இருந்தன. விடுதிச் சாப்பாட்டைப் பற்றி நான் எழுதிய மொக்கைப் பதிவுகூட இருந்தது, அதன் பின்னூட்டத்தில் என்னைத் திட்டியவரும் இருந்தார். எதெல்லாம் காணாமல் போயிருக்க வேண்டுமோ அதெல்லாம் இருக்கிறது. அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்ட ஒன்று மட்டும் இல்லை.

நம்மில் எத்தனை பேருக்கு வாடகை வீடு தேடி அலைந்த அனுபவம் இருக்கிறது? “நீங்க என்ன ஆளுங்க” என்று நேராகக் கேட்க மாட்டார்கள். “கவிச்சி சாப்பிடுவீங்களா” என்று சுற்றி வருவார்கள். தப்பித்தவறி வீடு கிடைத்தாலும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, அம்பேத்கர் படத்தை வெளியே தெரிகிற மாதிரி மாட்டக் கூடாது. இந்த அவமானம் இவ்வளவு நன்றாகத் தெரிந்த நாம், எழுதுவதை மட்டும் ஏன் மொத்தமாகக் கொண்டுபோய் அடுத்தவன் வீட்டுச் சுவரில் எழுதிவிட்டு வருகிறோம்? 2018 நவம்பரில் ட்விட்டரின் தலைவர் ஜாக் டார்சி, பார்ப்பனிய ஆணாதிக்கத்தைத் தகர்ப்போம் என்ற பதாகையைக் கையில் பிடித்தபடி ஒரு படத்தில் நின்றார். பதாகையை வடிவமைத்தவர் தேன்மொழி சௌந்தரராஜன். படம் வெளியான உடனே எழுந்த கூச்சலில் அந்த நிறுவனத்தின் தரப்பிலிருந்து மன்னிப்புக் கேட்டார்கள். முதலாளி கையில் பிடித்த அட்டைக்கே இந்தக் கதி என்றால், நீங்களும் நானும் எந்த மூலைக்கு?

அரசியலை விடுங்கள், கடையையே மூடிவிட்டுப் போகிறார்கள். 2009இல் ஜியோசிட்டீஸ் போனது. 2014இல் ஆர்குட், 2019இல் கூகுள் பிளஸ். 2020 ஜூனில் டிக்டாக்கை அரசு ஒரே இரவில் தடை செய்தது. அதில் ஆடிப் பாடிய நம் சேரிப் பிள்ளைகளின் வீடியோக்கள் இப்போது எங்கே இருக்கின்றன? அவர்களில் பலருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்த மேடை அது.

நம் முன்னோர்களுக்கு இந்தக் கணக்கு தெளிவாகத் தெரிந்திருந்தது. ரெட்டமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்று இதழுக்குப் பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் அடித்தார்களோ அதையே வாசலில் பெயர்ப்பலகையாக மாட்டினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19, புதன்கிழமை, சென்னை ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ முதல் இதழைக் கொண்டுவந்தார். நாலு பக்கம், ஒரு பைசா. அடுத்த ஆண்டு ‘தமிழன்’ என்று பெயர் மாறியது. 1914இல் அவர் சாகும்வரை வாரம் தவறாமல் எழுதினார். 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ தொடங்கிய பாபாசாகேப், அதன் விளம்பரத்தைக் காசு கொடுத்துக் கேட்டும் ‘கேசரி’ வெளியிட மறுத்ததைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். திலகரின் பத்திரிகைதான், திலகர் உயிரோடு இருந்தபோதுதான். கோலாப்பூர் ஷாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்து உதவினார். அந்த இதழ் நின்றுபோனதும் சும்மா இருந்தாரா? 1927இல் ‘பகிஷ்கிருத் பாரத்’ என்று அடுத்ததைத் தொடங்கினார், பெரும்பாலான பத்திகளைத் தானே எழுதினார். கொலம்பியாவில் படித்தவருக்கு ‘டைம்ஸ்’ பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதத் தெரியாதா என்ன?

அது அந்தக் காலம் என்று சொல்லாதீர்கள். 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். அரசு அங்கீகாரம் பெற்ற செய்தியாளர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு தேடியும் ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதினார். 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 பேர் உயர்த்தப்பட்ட சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. இருபத்து மூன்று வருட முன்னேற்றம் இதுதான்.

“ஆனா சமூக ஊடகத்துலதானே நாலு பேருக்குப் போய்ச் சேருதுக்கா?” ஆமாம் தம்பி, மறுக்கவில்லை. 2016 ஜனவரியில் ரோகித் வெமுலாவின் கடைசிக் கடிதம் நாடு முழுக்கக் கைமாறியது இந்தத் தளங்களின் வழியாகத்தான். எந்தத் தலையங்கமும் அதைச் செய்திருக்காது. முச்சந்தியில் பறையடித்துக் கூப்பிடத்தான் வேண்டும். நான் கேட்பது, கூப்பிட்டு வந்தவர்களை எங்கே உட்கார வைக்கப் போகிறாய் என்று. 24 மணி நேரத்தில் மறைகிற ஸ்டேட்டஸில் ஒரு கொலையை எழுதிவிட்டு அடுத்த நாள் அடுத்த கொலைக்குப் போனால், முதல் கொலைக்குத் தேதி சொல்ல யார் இருப்பார்கள்?

என் பங்குக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். தொண்டு நிறுவன வேலையில் பத்து வருடமாக நான் எழுதியவை பெரும்பாலும் ஆங்கில அறிக்கைகள். நம் அம்மாக்கள் தமிழில் அழுதார்கள், நான் ஆங்கிலத்தில் அட்டவணை போட்டேன். நிதி கொடுத்தவர் பிடிஎஃப்பைத் திறந்தாரா என்றுகூடத் தெரியாது. வாக்குமூலம் கொடுத்த ஊரில் ஒருவரும் அதைப் படித்ததில்லை, அது மட்டும் நிச்சயம்.

சரி, புதுப்பித்த கதைக்கு வருகிறேன். பொங்கல் விடுமுறையில் மூன்று நாள், கணினி அறிவியல் படிக்கும் ஒரு தங்கையோடு உட்கார்ந்தேன். முதலில் கழித்துக் கட்டினோம். எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் எண்ணி, ஓடுகிற எழுத்து, ஓரத்தில் மின்னிய படங்கள், ‘உங்கள் வருகைக்கு நன்றி’, எல்லாம் போனது. 2011இல் அதெல்லாம் அழகு என்று நினைத்திருக்கிறேன். பிறகு எழுத்துரு. ஆங்கிலத்துக்கு அமைத்த வரி இடைவெளியில் தமிழைப் போட்டால் மேல் வரி எழுத்தும் கீழ் வரி எழுத்தும் முட்டிக்கொள்கின்றன. இடைவெளியைக் கூட்டினோம். எழுத்தைப் பெரிதாக்கி, என் அம்மாவிடம் அவருடைய கீறல் விழுந்த போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். கண்ணாடி போடாமல் படித்தார். அதோடு அந்த விவாதம் முடிந்தது. மலையடிவார ஊரில் சிக்னல் ஒரு கோடுதான் இருக்கும், அதிலும் பக்கம் திறக்க வேண்டும் என்பதால் பெரிய படங்களை எடுத்துவிட்டோம். ஒவ்வொரு கட்டுரையின் தலைமாட்டிலும் தேதி, எழுதிய இடம், திருத்தியிருந்தால் திருத்திய தேதி. இதற்கு மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். லைக் பொத்தான் கிடையாது.

டொமைன் பெயருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,000 ரூபாய். கட்டுரைகள் எல்லாம் வெறும் எழுத்துக் கோப்புகள். ஒரு நகல் என் கணினியில், ஒன்று தங்கையிடம், ஒன்று பென்டிரைவில். புதிதாக எழுதும் ஒவ்வொன்றையும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் சேமித்துவிடுகிறோம். வழக்கு சம்பந்தப்பட்டதைக் காகிதத்திலும் எடுத்து வைக்கிறோம். டொமைனும் வாடகைதானே என்று யாராவது கை தூக்கலாம். ஆமாம், வாடகைதான். ஆனால் வீட்டுக்காரன் முறைத்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அதே முகவரியோடு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். ‘தமிழன்’ இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பாதுகாத்து வைத்திருந்ததால்தான், 1999இல் ஞான அலாய்சியஸ் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுக்க முடிந்தது. எண்பது வருடத்துக்கு மேல் யாரோ கரையானிடமிருந்து காப்பாற்றிக் கொடுத்த காகிதம் அது.

இதுவரை சொன்னது பயத்தின் கணக்கு. இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

எழுதுவது எனக்கு மறுபடியும் சந்தோஷமாக இருக்கிறது.

சமூக ஊடகத்தில் என் எழுத்தில் எது ஓடும் என்று எனக்கு மனப்பாடம். பிணம் ஓடும். அடிபட்ட முகம் ஓடும். நம் பிள்ளை செத்தால் 600 பேர் பகிர்வார்கள். அதே பிள்ளை கேரம் போட்டியில் ஜெயித்ததை எழுதினால் ஒன்பது பேர், அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள். கொஞ்ச நாளில் நாமும் அந்தக் கணக்குக்கு ஏற்ப எழுதப் பழகிவிடுகிறோம். என் பழைய பதிவுகளை நினைத்துப் பார்க்கிறேன், எல்லாம் இரங்கல் செய்தி. ஒரு தலித் பெண் அழுதால் கேட்க ஆள் இருக்கிறது, அரட்டை அடித்தால் இல்லை. பண்டிதரின் ‘தமிழ’னில் பௌத்தமும் சரித்திரமும் மட்டுமா இருந்தன? ஊர்ச் செய்தி, வாசகர் கேள்விக்குப் பதில், மருத்துவம், பொதுச் செய்திகள் என்று ஒரு முழு மனிதக் கூட்டம் பேசும் எல்லாமும் இருந்தது. அவர் தன் மக்களைப் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் பார்க்கவில்லை, வாசகர்களாகவும் பார்த்தார்.

புதுத் தளத்தில் முதலில் எழுதியது அந்தச் சுடுகாட்டுப் பாதையைப் பற்றித்தான். இரண்டு நாள் மறுபடி அந்த ஊரில் உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கேட்டு, நினைவு முரண்பட்ட இடத்தில் முரண்படுகிறது என்றே எழுதி, முடித்ததும் அந்த அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார். முள்ளை வெட்டியது அரிவாளால் இல்லையாம், கோடாலியாம்.

இரண்டாவது கட்டுரை என் ஆயாவின் உப்புக்கண்டத்தைப் பற்றி. எந்த வெயிலில் காய வைப்பார், காக்காயை எப்படி விரட்டுவார், பக்கத்துத் தெருவுக்கு வாசனை போகாமலிருக்க என்ன செய்வார், அப்படிச் செய்ய வேண்டியிருந்ததைப் பற்றி அவர் என்ன நினைத்தார். முதல் வரியை மட்டும் பத்துப் பதினைந்து முறை மாற்றினேன். எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று தெரியாது. பெங்களூரில் வேலை செய்யும் ஒருவர் மட்டும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவர் ஆயா உப்போடு மஞ்சளும் தடவுவாராம். நான் தடவ மாட்டார் என்று பதில் எழுதினேன். மூன்று வாரமாக இந்தச் சண்டை நடக்கிறது.

ரீல்ஸ் தம்பி நேற்று போன் செய்தான். அவன் பாட்டனார் செருப்புத் தைத்துக்கொண்டே பாடிய பாட்டுகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறானாம், எங்கே போடுவது என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். டொமைன் பெயர் என்ன வைப்பது என்பதில் இப்போதே எங்களுக்குள் தகராறு.

ஜெய்பீம்.