மெட்ரோனோம் மேல பழியைப் போடாதீங்கப்பா!

நேற்று ராத்திரி விடுதியில் ஒரே சண்டை. பீத்தோவனின் 'ஹாமர்கிளாவியர்' சொனாட்டா, ஆர்தர் ஷ்னாபெல் 1935-ல் வாசித்த பதிவு, ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. "ஏன்டா, ரயிலைப் பிடிக்க ஓடுறாரா? பாதி நோட்ஸ் தப்பு" என்றான் அறைத் தோழன். கூடவே இரண்டு விளக்கம் வேறு. இசை தெரிந்தவர்களே சொல்கிற விளக்கங்கள்தான் இரண்டும். அதனால்தான் இந்தப் பதிவு.

ஒன்று: பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும், அதனால் அவசரமாக வாசித்தார்களாம். அப்படியா? இதே சொனாட்டாவின் மூன்றாம் பகுதி, அந்த நீண்ட அடாஜியோ, ஷ்னாபெல் கையில் ஏறக்குறைய 18 நிமிஷம். (அங்கே பீத்தோவன் சொன்னதைவிட மெதுவாகவே போகிறார், ஒத்துக்கொள்கிறேன்.) அதற்குப் பல பக்கம் செலவழித்தவர் முதல் பகுதியில் மட்டும் தட்டுக்குப் பயந்தாரா?

இரண்டாவது: பீத்தோவனின் மெட்ரோனோம் பழுதாம். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தன் 32 பியானோ சொனாட்டாக்களில் இந்த ஒன்றுக்குத்தான் மனுஷன் மெட்ரோனோம் எண் கொடுத்தார். 1819-ல் லண்டனில் இருந்த ஃபெர்டினாண்ட் ரீஸுக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். முதல் பகுதிக்கு நிமிடத்துக்கு 138 அரை நோட். இரண்டாம் பகுதிக்கும் எண் உண்டு. பலரும் அதன் பக்கத்திலேயே வாசிக்கிறார்கள், யாருக்கும் புகார் இல்லை. விரல் வலிக்கிற இடத்தில் மட்டும் கருவி பழுதாகிவிடுமோ? நல்ல கதை :-)

ஷ்னாபெல் முதல் பகுதியை 9 நிமிஷத்துக்குள் முடிக்கிறார். தடுமாறுகிறார், சறுக்குகிறார். வெட்டி ஒட்டும் வசதி அன்று கிடையாது, சறுக்கினது அப்படியே இருக்கிறது. எமில் கிலெல்ஸின் 1982 பதிவு 12 நிமிஷத்துக்கு மேல். ஒவ்வொரு நோட்டும் முத்து. அழகுதான், ஆனால் ஆபத்தே இல்லை. தொடக்கத்தில் இடது கை பியானோவின் அடியிலிருந்து தாவுகிற அந்தத் தாவல் இருக்கிறதே, அது தப்பினாலும் தப்பும் என்ற பயத்தோடு கேட்க வேண்டியது. மெதுவாக வாசித்தால் அது தாவலே இல்லை, படியேறுவது.

இன்றைய பியானோ கனம், பெரிய அரங்கில் அடிஸ்தாயி குழம்பும் என்கிறீர்களா? அது நியாயமான காரணம். அதைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். "வேகம் குறைந்தால் ஆழம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்று ராத்திரி அவனை உட்கார வைத்து இரண்டையும் போடப் போகிறேன். என்னைத் திட்ட நினைப்பவர்களும் இரண்டையும் கேட்டுவிட்டு வாங்க.