சொல்லும் பொருளும்: அல்பீடோ

பூரணைச் சந்திரனைப் பாலுக்கு ஒப்பிடாத புலவர் இல்லை. வானியலார் கணக்கிலோ சந்திரன் கரியவன். தன்மீது விழும் சூரிய ஒளியில் ஏறக்குறைய 12 வீதத்தையே அவன் திருப்பி அனுப்புகிறான். தேய்ந்த தார் வீதியும் அவ்வளவு செய்யும். சுற்றிலும் வானம் இருண்டிருப்பதனாலேயே நம் கண்ணுக்கு அவன் வெள்ளித் தட்டாகிறான்.

ஒரு பரப்பு தன்மேல் விழும் ஒளியில் எத்தனை பங்கைத் தெறிக்கச் செய்கிறது என்பதைக் குறிக்கும் சொல்லே அல்பீடோ. 'வெண்மை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல் இது. 1760இல் லாம்பேர்ட் என்னும் கணித அறிஞர் தமது ஒளியளவியல் நூலில் இதனை ஆண்டார். தோடம்பழத் தோலின் உட்புறத்து வெண்பஞ்சுக்கும் தாவரவியலார் இப்பெயரையே இட்டுள்ளனர், பொருத்தமான பெயர்தான்!

இச்சொல்லைப் 'பிரகாசம்' எனப் பெயர்த்தல் பொருந்தாது என்பது நம் கருத்து. பிரகாசம் விளக்கையும் பொறுத்தது. அல்பீடோ பரப்பின் இயல்பு. மங்கிய கைவிளக்கின் முன்னும் வெள்ளை வேட்டி வெள்ளை வேட்டியே அன்றோ?

பூமி முழுவதற்கும் அல்பீடோ சுமார் 30 வீதம். அதிற் பெரும்பங்கு முகில்களுடையது. புதுப்பனி 80 வீதத்துக்கு மேல் தெறிக்கச் செய்யும். உச்சி வெயிலிற் கடல்நீர் 10 வீதமும் செய்யாது. ஆகவே வடதுருவக் கடலிற் பனி உருகுந்தோறும் வெண்பரப்பு நீங்கிக் கருநீர் வெளிப்படுகிறது. அந்நீர் வெப்பத்தை விழுங்குகிறது. அவ்வெப்பம் எஞ்சிய பனியையும் உருக்குகிறது. 2012 செப்டெம்பரில் அப்பனிப்பரப்பு 35 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் கீழே இறங்கிற்று.