பிராணவாயுவின் அளவும் குழந்தையின் கண்ணும்

ஆக்ஸிஜனுக்குப் ‘பிராணவாயு’ என்று பெயரிட்டவர்கள் அழகாகவே பெயரிட்டனர். மலையாளத்திலும் அச்சொல் வழங்குவதால், மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் இரு மொழியினருக்கும் அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆயினும், மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அப்பெயர்மீது எனக்கு ஒரு குறை உண்டு. பிராணனைத் தரும் வாயு எவ்வளவு கூடினாலும் நன்மையே என்னும் எண்ணத்தை அது வளர்த்துவிடுகிறது. உண்மையில் பிராணவாயு ஒரு மருந்து. மருந்துக்குரிய அளவு அதற்கும் உண்டு.

தீவிர சிகிச்சை பெறும் பெரியவர்களிடம் இந்த அளவு வேறுபாடு பெரிதாகத் தென்படவில்லை. டென்மார்க் முதலிய நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆராய்ச்சியில், குறைந்த அளவு பெற்றோருள் நூற்றுக்கு 42.9 பேரும், கூடிய அளவு பெற்றோருள் 42.4 பேரும் 90 நாட்களுக்குள் இறந்தனர். குறைமாதச் சிசுவின் நிலை வேறு.

விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருப்பையில் கடைசி வாரங்கள் வரை வளர்ந்துகொண்டிருக்கின்றன. முன்னதாகப் பிறந்த சிசுவுக்குப் பிராணவாயு மிகுதியானால் அவ்வளர்ச்சி தடைப்படுகிறது. சில வாரங்களுக்குப்பின், உணவின்றித் தவிக்கும் விழித்திரையில் முறையற்ற புதிய குழாய்கள் தோன்றி, அதனை இழுத்துப் பிரித்துவிடக்கூடும். வெளியே கண் தெளிவாகவே இருக்கும், தாயும் அறியாள்.

இந்நோயை 1942இல் பாஸ்டன் நகர மருத்துவர் டெரி விவரித்தார். பிராணவாயுவே காரணமாகலாம் என்று 1951இல் மெல்போர்னில் கேட் காம்ப்பெல் அம்மையார் சுட்டினார். அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பலவற்றின் கூட்டாராய்ச்சி அதனை உறுதிசெய்தது. உடனே எங்கும் பிராணவாயுவைக் குறைத்தனர். குருடு குறைந்தது, மரணம் கூடியது. காக்கப்பட்ட ஒரு பார்வைக்கு ஏறத்தாழ 16 உயிர்கள் விலையாயின என்று 1973இல் கிராஸ் கணக்கிட்டார். 2010இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியும் இதே இக்கட்டைக் காட்டியது. இரத்தத்தில் பிராணவாயுச் செறிவை நூற்றுக்கு 85 முதல் 89 வரை வைத்த சிசுக்களில், பிழைத்தோரிடையே கடும் கண்நோய் 8.6 விழுக்காடு, மரணம் 19.9. செறிவை 91 முதல் 95 வரை வைத்தபோது நோய் 17.9, மரணம் 16.2. ஆகவே கஞ்சத்தனம் இதற்கு மருந்தாகாது. உயிருக்கு வேண்டிய அளவைக் கருவியால் அளந்து கொடுத்து, பின்னர்க் கண்ணைச் சோதிப்பதே வழி.

நம் நாட்டில் 2020இல் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள சிசுவுக்குப் பிறந்த 30 நாட்களுக்குள் கண் சோதனை வேண்டும். மிகச் சிறிய சிசுவுக்கு இரண்டு மூன்று வாரங்களிலேயே வேண்டும். நோய் முற்றுமுன் லேசர் சிகிச்சை பலனளிக்கும். 1996இல் சென்னையில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இச்சோதனை நடவாமல் பார்வை போயிற்று. 2015இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் ஈட்டுத்தொகை விதித்தது. அத்தொகையால் மீளாதது எது என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத்திட்டத்தில் இந்நோயும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆஷா பணியாளர் வீட்டுக்குச் செல்ல வேண்டிய நாட்களுள் 28ஆம் நாளும் ஒன்று. முப்பதாம் நாளுக்கு இரண்டே நாள் முன்னதாக அவர் வாசலில் நிற்கிறார்! குழந்தையின் எடையைக் குறிக்கும்போது, ‘கண் மருத்துவர் பார்த்தாரா?’ என்ற கேள்வியையும் கேட்டுவிட்டால் போதும். ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு: புத்தகத்தை மூக்கருகே பிடிக்கும் பிள்ளை குறைமாதத்தில் பிறந்ததா என்று பெற்றோரிடம் விசாரிக்கலாம். இப்பிள்ளைகளிடம் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் மிகுதி.

மட்டாஞ்சேரியில் மலையாளம் சரளமாகப் பேசியும் எழுத்தைத் தமிழில் மட்டுமே படிக்கும் குடும்பங்கள் உண்டு. ஆதலால் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் சீட்டில், மலையாளத்துக்குக் கீழே ஒரு தமிழ் வரியும் அச்சிடலாம் என்பது என் யோசனை: ‘இக்குழந்தை குறைமாதத்தில் பிறந்தது, இத்தேதிக்குள் கண் சோதனை செய்க.’ தேதியை ஆஸ்பத்திரியாரே எண்ணில் நிரப்பித் தரவேண்டும்.