சேதுச் சீமையின் குரல்

சேதுச் சீமைக்கு ஸங்கீதம் புதிதன்று. பாஸ்கர சேதுபதியின் காலத்தில் பூச்சி சீனிவாசய்யங்காரை ஆதரித்த சமஸ்தானம் அது. பின்னாளில் ராமநாதபுரத்தில் சி. எஸ். சங்கரசிவம் அவர்களிடம் பாடம் கேட்டுத் தேர்ந்தவர் ராம்நாட் கிருஷ்ணன் (1918–1973). சபையை அதிர வைக்கும் சாரீரமன்று அவருடையது. அடக்கமும் ஆழமும் கொண்டது. வித்வான்கள் அவரைப் போற்றிய அளவுக்குப் பொதுஜனங்கள் அறிந்தாரில்லை.

1960களின் பிற்பகுதியில் அவர் அமெரிக்கா சென்று, கனெக்டிகட் மாகாணத்து வெஸ்லியன் சர்வகலாசாலையில் நம் ஸங்கீதத்தைப் போதித்தார். 1968-ல் அந்நாட்டு நான்ஸச் கம்பெனியார் ‘வித்வான்’ என்னும் அவருடைய இசைத்தட்டை வெளியிட்டனர். பிடில் வி. தியாகராஜன், மிருதங்கம் தி. ரங்கநாதன், கஞ்சிரா வி. நாகராஜன். பழைய கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். நெடுந்தட்டின் பக்கமோ சுமார் இருபது நிமிஷம் ஓடும். நிதானமாக விரியும் அவர் பாட்டுக்கு அந்த அவகாசமே உயிர். தட்டோடு ராமநாதபுரத்தின் பெயரும் கடல் கடந்த வீடுகளில் புகுந்தது.

அந்நியர் மதித்தனரென்று நாம் பெருமை கொள்ளலாம், அதோடு நின்றுவிடலாகாது. ஒலிப்பதிவு இல்லையேல், கேட்டவர் மறையும்போது கச்சேரியும் மறைந்துவிடும். நம் வீட்டுப் பரணில் பழைய ஒலிநாடா கிடக்குமாயின், பூஞ்சை பிடிக்குமுன் அதைப் பிரதியெடுத்து வைப்போம். நம் பாட்டைக் காக்கவும் பிறர்தாம் வரவேண்டுமா?